5.1 என்று காட்டுகிறது, ஆனால் பின் ஸ்பீக்கர் பேசவில்லை: படத்தின் ஆடியோ டிராக்கில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி?

மஞ்சக்குப்பம்_ஆம்ப்:

வணக்கம். கடலூரில் 5.1 ஆம்ப் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், கூட ஒரு சப் ஊஃபர்) அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். முதுநகரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் போட்ட செட் பற்றித்தான் கேள்வி. அவர் தன்னிடம் இருக்கும் டிவிடி, ப்ளூரே எல்லாவற்றையும் எம்கேவி ஃபைலாக ஆக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறார். அதில் சில படங்களுக்குப் பின் ஸ்பீக்கர் இரண்டும் சுத்தமாகப் பேசுவதில்லை. சிலவற்றில் முன்னால் வரும் பாட்டே பின்னாலும் சன்னமாக வருகிறது. ஒன்றிரண்டு படங்களில் மட்டும் மழையும் கூட்டமும் அறையைச் சுற்றி வருகின்றன. டிவியில் தகவல் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 5.1 என்றுதான் காட்டுகிறது. ஆம்ப் போர்டு சரியில்லை என்கிறார் அவர். டெஸ்ட் டோன் போட்டால் ஆறு ஸ்பீக்கரும் ஒழுங்காகப் பேசுகின்றன, வயரிங்கையும் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

ஃபைலுக்குள் ஒவ்வொரு சேனலிலும் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பார்க்க முடியுமா? இலவச மென்பொருளாக இருந்தால் நல்லது. வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார், கண்ணால் காட்ட வேண்டும்.

ஓ_டி_காரன்:

மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள் அண்ணா. எத்தனை சேனல், என்ன கோடெக், எவ்வளவு பிட்ரேட் எல்லாம் வந்துவிடும். 640 கிலோபிட் இருந்தால் நல்ல ஆடியோ, அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை_ஒலி:

ஓ.டி. தம்பி, மீடியாஇன்ஃபோ படிப்பது டப்பாவின் மேல் ஒட்டிய லேபிளை. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று அது திறந்து பார்ப்பதில்லை. ஒரு ஸ்டீரியோ பாட்டை எடுத்து, பின் சேனல் இரண்டையும் காலியாக விட்டு, ஆறு சேனல் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக என்கோட் செய்தாலும் அது 5.1 என்றே காட்டும். பிட்ரேட்டும் அப்படித்தான். 448 என்பது டிவிடியில் ஏசி3-க்கு உள்ள உச்சவரம்பு, 640 அந்த ஃபார்மட்டுக்கே உச்சவரம்பு. காலி சேனலை 640-இல் என்கோட் செய்ய யாரும் தடை சொல்லப்போவதில்லை.

மஞ்சக்குப்பம் சார், நீங்கள் கேட்டதற்கு இரண்டு மென்பொருள் போதும், இரண்டும் இலவசம்: எஃப்எஃப்எம்பெக் (கட்டளை எழுதி ஒலி, வீடியோவை மாற்றுவது), ஆடாசிட்டி (ஒலியை அலையாகக் காட்டுவது). முதலில் எஃப்எஃப்எம்பெக் வழியாகப் படத்திலிருந்து ஆடியோவை மட்டும் எடுத்து 24 பிட் பிசிஎம் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) ஆக்குங்கள். முழுப் படத்தையும் ஆக்க வேண்டாம். ஆறு சேனல், வினாடிக்கு 48,000 சாம்பிள், சாம்பிளுக்கு 3 பைட் என்று பெருக்கினால் வினாடிக்கு 8,64,000 பைட் ஆகிறது. சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் 82 நிமிடம் சொச்சத்தில் முட்டிக்கொள்ளும், இடைவேளைக்கு அப்புறம் ஒன்றும் இருக்காது. ஒரு சண்டை, ஒரு மழை அல்லது கூட்டம், ஒரு பாட்டு, ஒரு சாதாரண வசனக் காட்சி என்று பத்துப் பத்து நிமிடமாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 520 எம்பிக்குள் முடிந்துவிடும். முழுசாகத்தான் வேண்டும் என்றால் ஃப்ளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபார்மட்) ஆக்குங்கள், அது எட்டு சேனல் வரை தாங்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது, அளவெடுக்க ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஏசி3 ஓட்டத்துக்குள் ஒலியோடு சேர்ந்து டைனமிக் ரேஞ்சைச் சுருக்குவதற்கான குறிப்பும் வரும். ராத்திரியில் மெல்ல வைத்துப் பார்ப்பவர்களுக்கு வெடிச்சத்தத்தை அடக்கி, முணுமுணுப்பைத் தூக்கிக் கொடுப்பதற்காக வைத்தது. எஃப்எஃப்எம்பெக்கின் ஏசி3 டீகோடர் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தக் குறிப்பை அப்படியே அமல்படுத்திவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது மிக்ஸ் செய்தவர் வைத்த அளவாக இருக்காது. டிஆர்சி ஸ்கேல் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, அதை 0 என்று கொடுங்கள். கட்டளையில் இன்புட் ஃபைலின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும், பின்னால் எழுதினால் டீகோடருக்குப் போய்ச் சேராது. ஆடாசிட்டியில் ஏசி3-ஐ நேரடியாகத் திறந்தாலும் உள்ளே வேலை செய்வது அதே லைப்ரரிதான், அதனால்தான் முதலில் வேவ் ஆக்கச் சொல்கிறேன்.

வேவைத் திறந்ததும் ஆடாசிட்டியில் ஆறு டிராக்காக விரியும். மேலிருந்து முன் இடது, முன் வலது, சென்டர், எல்எஃப்இ (கூடுதல் அதிர்வுச் சேனல்), பின் இடது, பின் வலது. ஏசி3-க்குள் சேனல் அடுக்கும் வரிசை வேறு, டிடிஎஸ் என்ற இன்னொரு ஒலி ஃபார்மட்டுக்குள் சென்டர்தான் முதலில் வரும். டீகோட் ஆகி வரும்போது இந்த வேவ் வரிசைக்கு மாறிவிடும். வேறு ஏதாவது கருவியில் ஆறு தனி மோனோ ஃபைலாகக் கிடைத்தால் பெயரை நம்பாமல், வசனம் எதில் இருக்கிறது என்று காதால் கேட்டுச் சென்டரைக் கண்டுபிடியுங்கள்.

மஞ்சக்குப்பம்_ஆம்ப்:

அக்கா, மிக்க நன்றி. இன்று ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன். கட்டளை வரியில் பழக்கம் இல்லை, ஆனாலும் கற்றுக்கொள்கிறேன்.

நெய்வேலி_சர்க்யூட்:

படம் பார்ப்பதோடு எண்ணும் எடுத்துவிடுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் ஏஸ்டாட்ஸ் என்ற ஃபில்டர் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக ஆர்எம்எஸ் (சராசரி) அளவு, உச்ச அளவு இரண்டையும் டெசிபலில் சொல்லும். சேனல் 5, 6 தான் உங்களுக்கு வேண்டியது. வால்யூம்டிடெக்ட் என்று இன்னொன்று இருக்கிறது, அது எல்லாச் சேனலையும் கலந்து ஒரே எண்தான் தரும், ஆகவே சேனலைப் பிரித்த பிறகுதான் அதைப் போட வேண்டும். அதில் சராசரியும் உச்சமும் இரண்டுமே −91.0 டெசிபல் என்று வந்தால் அந்தச் சேனலில் ஒன்றுமே இல்லை. 16 பிட்டில் அதற்குக் கீழே காட்ட எண் கிடையாது. ஏஸ்டாட்ஸ் அதே இடத்தில் மைனஸ் இன்ஃபினிட்டி என்று காட்டும்.

மஞ்சக்குப்பம்_ஆம்ப்:

பார்த்துவிட்டேன். மூன்று படம் எடுத்தேன், மூன்றும் மூன்று விதம்.

முதல் படம், ஒரு பழைய படத்தின் டிவிடி. பாட்டுக் காட்சியை வெட்டித் திறந்தால் மேல் நான்கு டிராக்கும் அலை அலையாக ஓடுகிறது, அடியில் இரண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கின்றன. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. வால்யூம்டிடெக்ட் −91.0 என்றுதான் சொன்னது.

இரண்டாவது படத்தில் 5, 6 இரண்டிலும் அலை இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அச்சாகத் தெரிகின்றன. பாட்டின் ஆர்கெஸ்ட்ரா வருகிறது, வசனம் கிட்டத்தட்ட வரவில்லை. ஸ்பெக்ட்ரோகிராமுக்கு (அலைவரிசைகளை நிறமாகக் காட்டும் படம்) மாற்றிப் பார்த்தால் முன் சேனலில் நிறம் மேலே வரைக்கும் இருக்கிறது, பின் சேனலில் 7,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. இது ஏன்?

மூன்றாவது படம் ப்ளூரே. 5, 6 இரண்டிலும் நல்ல சத்தம், இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன. ஆனால் அவர் வீட்டில் இந்தப் படத்துக்கும் பின் ஸ்பீக்கர் சரியாகப் பேசவில்லை. இதுதான் எனக்குப் புரியவில்லை.

லாஸ்பேட்டை_ஒலி:

உங்கள் இரண்டாவது படத்துக்குப் பதில் அந்த 7,000-த்திலேயே இருக்கிறது. பழைய டால்பி சரவுண்டில் நான்கு சேனலை இரண்டுக்குள் மடித்து வைப்பார்கள். விரிக்கும்போது இடதிலிருந்து வலதைக் கழித்தால் கிடைப்பதுதான் பின் சேனல். அது ஒரே சேனல், மோனோ. முதல் தலைமுறை ப்ரோலாஜிக் டீகோடர் அதை ஏறத்தாழ 7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, சில மில்லி செகண்ட் தாமதப்படுத்தி இரண்டு பின் ஸ்பீக்கருக்கும் ஒன்றாகவே அனுப்பும். யாரோ ஸ்டீரியோ டிராக்கை அப்படிப்பட்ட டீகோடரில் விட்டு, வெளியே வந்ததைப் பிடித்து 5.1 என்று அடைத்திருக்கிறார்கள். வசனம் பின்னால் வராததற்கும் அதுவே காரணம். வசனம் இடதிலும் வலதிலும் சரிசமமாக இருக்கும், கழித்தால் போய்விடும். பாட்டின் எதிரொலியும் வயலின் கூட்டமும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் மிஞ்சும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை செய்யுங்கள். டிராக் 5, 6 இரண்டையும் மட்டும் தனியாக எடுத்து, ஆறாவதைத் தேர்ந்தெடுத்து இன்வெர்ட் (அலையைத் தலைகீழாக்குவது) கொடுங்கள், அப்புறம் இரண்டையும் மிக்ஸ் செய்யுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் கூட்டியதும் காணாமல் போகும். ஏசி3 ஒலியை இழந்து சுருக்குகிற ஃபார்மட் என்பதால் பூரண அமைதி வராமல் அடியில் கொஞ்சம் சலசலப்பு மிஞ்சலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அடுத்து, இரண்டாவது டிராக்கை இன்வெர்ட் செய்து முதலாவதோடு சேர்த்துக் கிடைப்பதைப் பின் சேனலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவம் ஒத்துப்போய்ச் சற்றே தள்ளி இருந்தால் முடிந்தது விஷயம்.

நெய்வேலி_சர்க்யூட்:

நம் பக்கத்தில் அந்தக் காலத்து ஆம்ப் பலவற்றில் பின் ஸ்பீக்கரை இரண்டு ப்ளஸ் முனைக்கும் நடுவில் மாட்டியிருப்பார்களே, டீகோடர் எதுவும் இல்லாமல். ஹாஃப்ளர் முறை. அதுவும் இதே இடது கழித்தல் வலதுதான். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது தனிச் சேனல் ஆகாது.

ஓ_டி_காரன்:

அப்படியென்றால் பின் சேனலில் சத்தம் கம்மியாக இருக்கிற படம் எல்லாமே டுபாக்கூர் 5.1-தானா? என்னிடம் இருக்கும் படங்களை ஓட்டிப் பார்த்தேன், பாதி நேரம் பின்னால் ஒன்றும் இல்லை.

லாஸ்பேட்டை_ஒலி:

இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நல்ல மிக்ஸைக் குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். சென்னையில் ஸ்டூடியோவில் சில காலம் சவுண்ட் எடிட்டிங் வேலை பார்த்துவிட்டு இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசும் காட்சிக்குப் பின் சேனலில் ஃபேன் சத்தமோ தெருச் சத்தமோ மெல்லியதாக வைப்போம், சில சமயம் வேண்டுமென்றே ஒன்றும் வைக்க மாட்டோம். அடுத்த காட்சியில் கதவு திறந்து கூட்டம் உள்ளே வரும்போது அது உறைக்க வேண்டும் என்பதற்காக அந்த அமைதி. ஆகவே முழுப் படத்தின் சராசரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பின் சேனல் சத்தமாக எழும் இடங்களைப் பிடித்து, அந்த இடத்தில் இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். கோரிலேஷன் என்பார்கள், +1 என்றால் இரண்டும் ஒன்று, −1 என்றால் ஒன்று மற்றதன் தலைகீழ், 0 பக்கம் என்றால் சம்பந்தம் இல்லாதவை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான்கு மைக் வைத்து அலை பதிவு செய்தேன். பின் பக்கத்து மைக் இரண்டையும் ஒப்பிட்டால் 0-வுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. காதுக்கு இரண்டும் ஒரே அலைச்சத்தம்தான், ஆனால் இடது மைக்குப் பக்கத்தில் உடையும் நுரையும் வலது பக்கத்தில் உடையும் நுரையும் ஒன்றல்ல. உண்மையாகப் பதிவு செய்த சூழல் ஒலி அப்படித்தான் இருக்கும். மழை, கூட்டம், சந்தை எதுவானாலும் சரி. அப்படிப்பட்ட காட்சியில் 5, 6 இரண்டும் +1 காட்டினால் சந்தேகப்படுங்கள்.

அதிலும் ஒரு விதிவிலக்கு. ஏசி3 குறைந்த பிட்ரேட்டில் மேல் அலைவரிசையில் சேனல்களைக் கூட்டாக வைத்துச் சேமிக்கும், கப்ளிங் என்று பெயர். அதனால் உயர் ஸ்தாயியில் மட்டும் இரண்டு சேனலும் அளவுக்கு மீறி ஒத்துப்போகலாம். ஒப்பிடும் முன் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பாருங்கள்.

வில்லியனூர்_வாசி:

நான் செய்யும் சுலபமான சோதனையையும் சொல்கிறேன். மூன்றாவது டிராக்கை மட்டும் மியூட் செய்துவிட்டு வசனக் காட்சியை ஓட்டுங்கள். நல்ல மிக்ஸாக இருந்தால் வசனம் போய்விடும், அறையின் எதிரொலி மாதிரி ஏதாவது லேசாகக் கேட்கும், பின்னணி இசை மட்டும் ஓடும். ஸ்டீரியோவிலிருந்து ஊதிப் பெருக்கியதாக இருந்தால் பெரும்பாலும் ஹீரோ இடதிலும் வலதிலும் நின்று பேசிக்கொண்டே இருப்பார். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் இது உடனே புரியும். மஞ்சக்குப்பம் அண்ணா, உங்கள் வாடிக்கையாளருக்கு இதைக் காட்டுங்கள், கிராஃப் எல்லாம் வேண்டாம்.

நெய்வேலி_சர்க்யூட்:

மூன்றாவது படத்துக்கு வருவோம். ஃபைல் நன்றாக இருக்கிறது, வீட்டில் பேசவில்லை. டிவியிலிருந்து போர்டுக்கு எப்படிப் போகிறது? ஆப்டிகலா, டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சியா? ப்ளூரே என்றால் உள்ளே பெரும்பாலும் ஒலியை இழக்காத ஃபார்மட், ட்ரூஹெச்டி அல்லது டிடிஎஸ் ஹெச்டி மாஸ்டர் ஆடியோவாக இருக்கும். ஆப்டிகல் கேபிளில் அவை இரண்டும் போகாது. ஏசி3, சாதாரண டிடிஎஸ், இரண்டு சேனல் பிசிஎம், இவ்வளவுதான் அதன் கொள்ளளவு. டிவிக்கு ஃபார்மட் பிடிக்கவில்லை என்றாலோ செட்டிங்கில் பிசிஎம் என்று இருந்தாலோ எல்லாவற்றையும் ஸ்டீரியோவாகக் கலந்து அனுப்பிவிடும். போர்டு அதை வாங்கி ப்ரோலாஜிக்கில் விரிக்கும். வாடிக்கையாளர் கேட்பது அந்த விரித்த சத்தத்தைத்தான்.

மஞ்சக்குப்பம்_ஆம்ப்:

நெய்வேலி சார் சொன்னதுதான். நேரில் போய்ப் பார்த்தேன், ஆப்டிகல்தான் மாட்டியிருந்தேன், டிவியில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம் என்று இருந்தது. பாஸ்த்ரூ (வந்ததை அப்படியே அனுப்புவது) என்று மாற்றினேன். ட்ரூஹெச்டி டிராக்குக்கு அப்போதும் ஸ்டீரியோதான் போகிறது, ஆனால் அதே ஃபைலில் ஏசி3 டிராக் ஒன்று கூடவே இருக்கிறது, ஆடியோவை அதற்கு மாற்றியதும் போர்டில் டால்பி விளக்கு எரிந்தது, மழைக் காட்சியில் பின் ஸ்பீக்கர் இரண்டும் பேச ஆரம்பித்தன. முதல் படத்தின் அந்த நேர்க்கோட்டையும் லேப்டாப்பில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்திலேயே இல்லையென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார். இனிமேல் எந்த வீட்டில் செட் போட்டாலும் அவர்கள் படத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போர்டைத் தொடுவேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். நான்காவது டிராக், எல்எஃப்இ. மூன்றாவது படத்திலேயே பெரும்பாலான நேரம் அது காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டில் பேஸ் நன்றாக வருகிறது. சப் ஊஃபருக்கு வர வேண்டியது வரவில்லையா?

லாஸ்பேட்டை_ஒலி:

எல்எஃப்இ என்பது சப் ஊஃபர் சேனல் அல்ல, கூடுதல் அதிர்வுக்கென்று ஒதுக்கிய சேனல். வெடி, இடி, ரயில் மாதிரி இடங்களில் மட்டும் போடுவோம். பாட்டின் பேஸ் முன் சேனல்களிலேயே இருக்கும். நல்ல ரிசீவர் அங்கிருந்து கீழ் ஸ்தாயியைப் பிரித்து எல்எஃப்இ-யோடு சேர்த்துச் சப்புக்கு அனுப்பும். அசெம்பிள்டு போர்டு பலவற்றில் அந்த வசதி இல்லை, ஆறு சேனலையும் வந்தபடியே வெளியே விட்டுவிடும். அப்போது பாட்டுக்குச் சப் சும்மா இருக்கும். நீங்கள் செய்யும் செட்டில் முன் சேனலிலிருந்து லோ பாஸ் ஃபில்டர் போட்டு எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

அந்த டிராக்கை ஆராயும்போது ஸ்பெக்ட்ரோகிராமின் மேல் எல்லையை 500 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கியிருந்தால் சரி. ஆயிரத்துக்கு மேலேயும் நிறம் தெரிந்தால் யாரோ மொத்தச் சத்தத்தையும் அதற்குள் கொட்டியிருக்கிறார்கள். இன்னொரு விஷயம், எல்எஃப்இ-யை மற்ற சேனலை விட 10 டெசிபல் தூக்கித்தான் ஒலிக்க வேண்டும், அதுதான் வரையறை. ஆகவே ஆடாசிட்டியில் அலை சின்னதாகத் தெரிந்தால் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளவு என்றதும் பின் சேனலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தியேட்டரில் திரைச் சேனல் ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்கும், பின் வரிசை ஒவ்வொன்றையும் 82-க்கும் வைப்பார்கள். வீட்டில் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைக்கிறோம். தியேட்டர் மிக்ஸை அப்படியே டிஸ்க்கில் போட்டால் பின்னால் 3 டெசிபல் தூக்கலாக இருக்கும், வீட்டு மிக்ஸ் என்றால் அதை இறக்கியிருப்பார்கள். இரண்டு வெளியீடுகளை ஒப்பிடும்போது 3 டெசிபல் வித்தியாசம் வந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஓ_டி_காரன்:

அக்கா, கடைசியாக ஒன்று. தலைக்கு மேலும் சத்தம் தரும் அட்மாஸ் டிராக்கை இதே மாதிரி பிரித்து, மேலே போகிற சத்தத்தை மட்டும் தனியாகப் பார்க்க முடியுமா?

லாஸ்பேட்டை_ஒலி:

எஃப்எஃப்எம்பெக்கில் முடியாது. அட்மாஸில் சத்தங்கள் பொருள்களாக, எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்போடு போகின்றன. அந்தக் குறிப்பை எஃப்எஃப்எம்பெக் படிப்பதில்லை. ட்ரூஹெச்டி என்றால் 7.1 கிடைக்கும், ஸ்ட்ரீமிங்கில் வரும் ஈஏசி3 (ஏசி3-இன் அடுத்த வடிவம்) என்றால் பெரும்பாலும் 5.1 கிடைக்கும், தலைக்கு மேல் போக வேண்டிய ஹெலிகாப்டர் அதற்குள்ளேயே மற்ற சேனல்களில் கலந்துதான் இருக்கும். அட்மாஸ் இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் இங்கே மீடியாஇன்ஃபோ உதவும், டைனமிக் ஆப்ஜெக்ட் எத்தனை என்று ஒரு வரி காட்டும். அந்தப் பொருள்களில் சத்தம் இருக்கிறதா என்பது அதற்கும் தெரியாது, அதற்கு அட்மாஸ் டீகோட் செய்யும் ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு மேல் ஸ்பீக்கரை மட்டும் ஓட விட்டுக் கேளுங்கள். ஆம்ப் அணைத்த பிறகு வயரைக் கழற்றுங்கள்.